இரங்கல் தாளின் கீழ்ப்பாதி

அன்பான அண்ணா,

அரிசி விற்க நீங்கள் தொடங்கிய கம்பெனி இப்போது ஆள் விற்கிறது. அதற்கான சம்மதத்தை உங்கள் கருமாதி வீட்டில்தான் வாங்கினார்கள்.

கம்பெனிப் பத்திரத்தை நீங்கள் எழுதியபோது பக்கத்தில் இருந்தேன். அரிசி, எண்ணெய், துணி வாங்கி விற்கலாம் என்று எழுதினீர்கள். அதோடு விடாமல், ‘எவருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழிலைச் செய்யாது’ என்று ஒரு வரி சேர்த்தீர்கள். கூட்டாளி நாகலிங்கம் மாமா சிரித்தார்.

“செய்யாததையெல்லாம் எழுதினா காகிதம் பத்தாது மாப்ளே.”

நீங்கள் சிரிக்கவில்லை. அப்பாவை ஆசை காட்டித் தோட்டக் கூலியாகக் கப்பலேற்றிய கங்காணி உங்கள் நினைவில் இருந்தான்.

ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது அந்த வரிதான் காப்பாற்றியது. எங்கள் பத்திரத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். பத்திரத்தை மாற்ற முக்கால்வாசிப் பங்குதாரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் இருந்தவரை மாமா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு உங்களுக்கு மலேரியா வந்தது. அதற்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் பங்குதாரர்கள் எல்லாரும் காஜா பெராங்கில் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். படையல் முடிந்ததும், இலை போடுவதற்கு முன், மாமா ஒரு தாளை நீட்டினார்.

“மாப்ளே பேர்ல கம்பெனி இரங்கல். ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்க.”

துக்க வீட்டில் நீட்டிய தாளை யார் வாசித்துப் பார்ப்பார்கள்? செமாபோக்கிலிருந்து வந்த ராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார். நானும் போட்டேன், அண்ணா. மேல்பாதியில் இரங்கல் இருந்தது. கீழ்ப்பாதியில் உங்கள் வரியை நீக்கி, ‘ஆள் திரட்டி அனுப்புதல்’ என்று சேர்த்திருந்தார்கள்.

சயாமுக்குப் போன முதல் லாரியில் ஏற்றியது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம் முத்தையா அத்தானை. உங்கள் கிடங்கில் மூட்டை தூக்கியவரை. மூன்று மாதம்தான் என்றார்கள். மூன்று மாதம் முடிந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. ஒரு கடிதம் இல்லை. அக்கா அழுவதையும் விட்டுவிட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: “அதுல உன் கையெழுத்தும் இருக்குதானே?”

நேற்று மாமாவைப் பார்க்கக் கம்பெனிக் கடைக்குப் போனேன்.

“எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கு. உன் கையெழுத்தும் இருக்கு, பாரு.”

“வாசிக்காமப் போட்டது, மாமா.”

“ஏன் வாசிக்கல? நீதான் படிச்ச புள்ளையாச்சே!”

என்ன தைரியம் பாருங்கள்! கருமாதிச் சோற்றுக்கு வந்தவர்களை வைத்து மனிதனைச் சரக்காக்கிவிட்டு, அதற்குச் சட்டம் என்று பெயர் வைக்கிறார்.

பங்குதாரர்கள் வீடு வீடாகப் போய் மறுபடி கையெழுத்துக் கேட்கிறேன். புக்கிட் பாருவில் ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. ராமையா மட்டும் போட்டார், இந்த முறை இரண்டு தடவை வாசித்துவிட்டு. முக்கால்வாசி சேரும்வரை நடப்பேன். உங்கள் வரியை அது இருந்த இடத்திலேயே திரும்ப எழுத வைப்பேன். இந்தக் கடிதத்தின் ஒரு படியைக் கடைக் கதவில் ஒட்டுகிறேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன்.

நேற்று கிளம்பும் முன், கடையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்: “கூட்டத்தைக் கூட்டுங்க மாமா. அத்தானை எங்க இறக்கினாங்கன்னு சொல்லுங்க.”

மரவள்ளிக் கிழங்கை நிறுத்துக்கொண்டிருந்த மாமா அடுத்த எடைக்கல்லைத் தராசில் வைத்தார்.

வாசிக்காமல் கையெழுத்திட்ட,
உங்கள் தம்பி