வித்யாவை அழைத்துவர மாற்றிய டயர்

ஐப்பசி 5, புதன்

முருகா, துணை. விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. தோசை மாவு புளிக்கவில்லை.

காருக்கு நாலு டயரும் புதுசு. அவர் தாம்பரம் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். பழைய சைஸே போடுங்கள் என்று நானும் ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாது. பெரிய சைஸ் போட்டா வண்டி தூக்கி நிக்கும். நம்ம தெருத் தண்ணில சும்மா போயிடலாம்."

அவர் பயம் எனக்குத் தெரியாததா. வித்யாவுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். ஞாயிறு படப்பையில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கே இங்கே அழைத்து வருகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும். போன மழையில் தெருமுனைத் தண்ணீரில் கார் நின்றுபோய் நாலு பேர் தள்ளி எடுத்தார்கள். அதிலிருந்து ராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் நிற்கிறார். "வலி எடுத்தா எப்படி" என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நாலும் நசுங்கின.

பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், வண்டி செம்மையா கீது! புல்டோசர் கணக்கா!"

அவருக்கு வாயெல்லாம் பல்.

இன்று படுத்ததும் குறட்டை. எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு.

ஐப்பசி 6, வியாழன்

நல்ல மழை. மல்லிகாவுக்கு போன். (என் தங்கை. குரோம்பேட்டை, மாடி வீடு.) வளையல் அவள் வாங்கி வைத்துவிட்டாள். பூ பாக்கி. ஐந்து வகை சாதத்தில் புளியோதரை என் பொறுப்பு.

டயர் பில்லை ஃபைலில் வைக்கும்போது கண்ணில் பட்டது. பழையது 165/80 R14. புதியது 185/70 R14. முதல் எண் கூடியிருக்கிறது, சரி. இரண்டாவது ஏன் குறைந்திருக்கிறது?

கார் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் எண் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு உயரம் என்பது. R14 என்பது நடுவில் இருக்கும் இரும்பு. அது மாறவில்லை.

165-ல் 80 பங்கு, 132.
185-ல் 70 பங்கு, 129.5.

மறுபடியும் போட்டேன். அதேதான். அகலம் கூடியிருக்கிறது, உயரம் இரண்டரை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. வண்டி தூக்கி நிற்கவில்லை. அகலமாக இருப்பதால் பார்வைக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அவரானால் ஹாலில் சீட்டி அடித்துக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். சொன்னால் அந்தத் தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால், வித்யாவை உட்கார வைத்துக்கொண்டு தைரியமாகத் தண்ணீரில் இறக்கிவிடுவார்.

சொல்லவில்லை இன்று.

ஐப்பசி 7, வெள்ளி

கோவிலில் நெய்விளக்கு. கேட்க நினைத்தது எதுவும் கேட்கவில்லை. டயர் டயர் என்றே மனசு. அபச்சாரம்.

வந்ததும் சொல்லிவிட்டேன். கணக்கையும் காட்டினேன்.

"நீ என்ன என்ஜினீயரா?"

"பிளவுஸ் தைக்கிறவ. அகலம் வேற, உயரம் வேறன்னு தெரியும்."

"கடைக்காரனுக்குத் தெரியாதா?"

"நீங்க என்ன கேட்டீங்க அவர்கிட்ட?"

"நூத்தி எண்பத்தஞ்சு போடுன்னேன். போட்டான்."

"உயரம் வேணும்னு கேட்டீங்களா?"

கணக்கு எழுதிய தாளை மடித்து வைத்தார். பிறகு, "ஒரு காரியம் பண்ணா நொட்டை சொல்லணும் உனக்கு. மழை பெஞ்சா அன்னைக்கு நீயே தூக்கிக்கிட்டுப் போ உன் பொண்ண."

நானும் சும்மா இருந்திருக்கலாம். "எந்த டயர் போட்டாலும் தெரு உயராது" என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை அதுவுமாக இப்படி.

ஐப்பசி 8, சனி

மழை விட்டிருக்கிறது. புளிக்காய்ச்சல் ஆயிற்று. நல்லெண்ணெய் போதவில்லை, அரை லிட்டர் வாங்கினேன். வித்யாவுக்குப் பச்சைப் பட்டு, எனக்கு அரக்கு.

காலை முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தார். அது வண்டியோடு வந்த பழைய சைஸ், ஒருநாளும் ஓடாதது. இரண்டையும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பூஜை அறையில் நான் உட்காரும் மணையை எப்போது எடுத்துப் போனாரோ. அதை இரண்டின் மேலும் குறுக்கே வைத்தார்.

மணை புது டயர் பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான்.

அவர் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். மணையைத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் நாளைக்கு அந்த வண்டியில் ஏற வேண்டும்.

ஐப்பசி 9, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. முகமெல்லாம் சந்தனம் என் குழந்தைக்கு. சம்பந்தியம்மாள் அழுதுவிட்டார். பந்தி நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

ராகு காலத்துக்கு முன்னால் படியிறங்க வேண்டும் என்று நான்கு மணிக்கே கிளம்பினோம். முன்னால் அவரும் நானும். பின்னால் வித்யாவும் மல்லிகாவும். மண்ணிவாக்கம் தாண்டும்போது எதிர்வீட்டு மேரி டீச்சர் போன். ஆரத்தித் தட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"அக்கா, தட்டு ரெடி. ஆனா தெருமுனைல முட்டி வரைக்கும் தண்ணி. பார்த்து வாங்க."

அவருக்கும் கேட்டிருக்கும். வண்டியை நிறுத்தவில்லை.

தெருமுனை. ஒரே செம்மண் தண்ணீர். ஒரு ஆட்டோ உள்ளே போய் நடுவில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு மாடி விளக்கு தெரிகிறது. அவர் வண்டியை முதல் கியரில் போட்டு வைத்திருக்கிறார். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை. முருகா, நான் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் வீம்புக்காவது இறக்கிவிடுவார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

வித்யாதான் பின்னாலிருந்து, "என்னப்பா நின்னுட்டீங்க? அதான் புது டயர் போட்டிருக்கீங்களே. அம்மா சொன்னாங்க, பெருசுன்னு. போலாம்பா."

புதன்கிழமை நான்தான் போனில் சொல்லியிருந்தேன்.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "அது அகலம்தாம்மா. உசரம் இல்ல" என்றார்.

என் பக்கம் திரும்பவில்லை. ரிவர்ஸ் போட்டார்.

குரோம்பேட்டை, மல்லிகா வீடு. (இதை அவள் கொடுத்த தாளில் எழுதுகிறேன்.) குங்குமம், மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் அவளிடமே இருந்தது. அங்கேயே ஆரத்தி. வித்யா மாடி ஏறியதும் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

மல்லிகா, "ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. பிரசவம் முடியற வரைக்கும் எல்லாரும் இங்கயே இருங்க மாமா. வாடகை எல்லாம் கேக்க மாட்டேன், சண்டை மட்டும் போடாதீங்க."

அவர் சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவை.

நாளை தண்ணீர் வடிந்தால் வீட்டிலிருந்து அவர் எடுத்து வர வேண்டியது: வித்யாவுக்குத் தைத்து வைத்த நைட்டிகள். என் கண்ணாடி. முருகன் படம். மணை.