பாத்திரக் கடைக்கு இரண்டு வாசல்

தியாகதுருகம்
தை மாதக் கடைசி

மஸ்கட்டில் இருக்கும் என் பிள்ளை அஜித்குமாருக்கு, அப்பன் சின்னக்கண்ணு சொல்லி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம்ம ஊர் மாரியாத்தா காவல் நிற்கட்டும். இங்கே நானும் உன் தங்கை எழில்மதியும் அவள் மகள் மணிமொழியும் நல்லபடியாக இருக்கிறோம். எனக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் எழில் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடுதாசியில் அந்தத் தொந்தரவு இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது எதிர்வீட்டு அமிர்தம் டீச்சர். பால்வாடியில் உன்னை மடியில் வைத்து அழுகையை நிறுத்தியவர். "பெரியவரே, ஓடாதீங்க, கை நோவுது" என்கிறார். சுருக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.

ஆடியில் நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "மண்டபத்துக்கு மண்டபம் அவனவனே பாத்திரம் வாங்கி வெச்சிக்கினான். நம்மள எவன் வாடகைக்குக் கேக்கறான்? சமையல் காண்ட்ராக்ட் தீனதயாளன் கேக்கறாரு, கடைய மொத்தமா குடுத்துடு. நாலு அண்டாவ காவல் காத்துக்கினு இவ எத்தினி நாளு குந்திக்கினு இருப்பா?" என்றாய். தை வரைக்கும் பொறுத்துக்கொள், அப்பவும் கடை எழுந்திருக்காவிட்டால் கைநாட்டு வைத்துவிடுகிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன். புருஷன் வீட்டிலிருந்து மணிமொழியைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்குக் கால் ஊன்ற இருந்த இடம் அந்தக் கடை ஒன்றுதான். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். இப்போது தை முடியப்போகிறது. நடந்ததைக் கேள்.

நீ பேசி வைத்த மறுநாளே எழில் ஒரு யோசனை சொன்னாள். மண்டபக் கல்யாணம் நமக்கு இல்லை, போகட்டும். ஆனால் பெங்களூரிலும் மெட்ராசிலும் இருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் மஞ்சள் நீருக்கும் காதுகுத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் சொந்த ஊருக்குத்தானே வருகிறார்கள்? பாத்திரம், பந்தல், நாற்காலிக்கு யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் போனில்தான் தேடுகிறார்கள். தேடும்போது நாம் அதில் இருக்க வேண்டும். வெப்சைட் வைக்கப்போகிறேன் என்றாள். எனக்குப் பாதி புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து மீதிக்கும் தலையாட்டினேன்.

கள்ளக்குறிச்சியில் இந்த வேலை செய்கிற சந்தியா என்ற பெண் வந்தாள். கம்ப்யூட்டரைத் திறப்பாள் என்று பார்த்தால், வெள்ளைத் தாளை எடுத்து வீட்டுக்குப் பிளான் போடுவது போலக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். "யாரு வருவாங்க, வந்ததும் இன்னா தேடுவாங்க, போறதுக்குள்ள இன்னா பண்ணணும்? அத சொல்லுக்கா மொதல்ல" என்றாள். கடை எப்போது வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். ஏரி உடைந்து நடவெல்லாம் அடித்துக்கொண்டு போனதே, அந்த ஐப்பசியில் என்று சொல்லி, முதல் அண்டா வாங்கிய கதை, அது வண்டியோடு கவிழ்ந்து நசுங்கிய கதை எல்லாம் சொன்னேன். "தாத்தா, வருஷத்த மட்டும் சொல்லுங்க, இதுல எடம் கம்மி" என்றாள். எழில் சிரித்தாள் பார், அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

அண்டா, குண்டானை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் போட்டோ பிடித்தார்கள். வெறும் பாத்திரத்தைக் காட்டக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் எழில் அரிசி போட்டாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், உங்களிடம் எது ஜாஸ்தி கேட்கிறார்களோ அதை முதலில் வைக்க வேண்டும், அதுதான் முறை என்று சந்தியா சொன்னாள். எழில் யோசித்து உண்மையைச் சொன்னாள். அந்த ஒரு வருஷமாக நம்மிடம் ஜாஸ்தி கேட்டது கருமாதிக்குத்தான். ஆகவே கருமாதிதான் முதலில் நின்றது. அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். பந்தலும் நாற்காலியும் படத்தில் அழகாக இருந்தது, எழுத்து தெரியாத நான் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் படுத்தேன்.

ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போயிற்று. திறந்து பார்க்கிறார்கள், கூப்பிடுவதில்லை என்றாள் சந்தியா. காரணம் கொளஞ்சியம்மாள் வாயில் வந்தது. நம்ம கோயில் தெரு கொளஞ்சியம்மாள்தான், அந்த வாய் உனக்குத் தெரியாததா? போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தவள், "ஏண்டி எழிலு, பேத்திக்கு மஞ்சத் தண்ணி ஊத்த பாத்திரம் பாக்கலாம்னு பெங்களூர்ல எம்புள்ள தொறக்கறான், எடுத்ததும் கருமாதி வந்து நிக்குது! மருமவ போனையே தூக்கி வீசிட்டா. நல்ல காரியம் கேக்க வந்தவன எழவு வூட்டு வழியா இட்டுக்கினு போறியே, உனக்கு இன்னா புத்தி?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எழில் சாப்பிடவில்லை. நானும் தீனதயாளனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதானோ என்று மனசுக்குள் நினைத்தேன். விடிந்ததும் அவள் கடையைத் திறந்து, நடுவில் நின்று இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ அங்கேயே வளர்ந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருப்பக்க வாசல் நல்ல காரியத்துக்கு. சந்துப்பக்க வாசல் சாவு வீட்டுக்கு, அதற்கு அலமாரியும் தனி. அங்கே வருகிறவரை வா என்று கூப்பிடுவதில்லை, பேரம் பேசுவதில்லை, அவரும் சொல்லிக்கொள்ளாமல் போவார். எழில் சந்தியாவைப் போனில் கூப்பிட்டு, "கடைக்கு ரெண்டு வாச கீது. நீ ஒண்ணே ஒண்ணு வெச்சிட்ட, நானும் பாத்துக்கினே இருந்துட்டேன். வா, இடிச்சிக் கட்டலாம்" என்றாள்.

மறுபடி தாள், மறுபடி கட்டம். முன்வாசலில் மஞ்சள், குங்குமம், அரிசி போட்ட அண்டா, காதுகுத்து, வளைகாப்பு. துக்கத்துக்குத் தனிப் பக்கம், தனி விலாசம். முன்பக்கத்தில் அதன் நிழல்கூட விழாது. அதில் படம் இல்லை, விலைப் பேச்சு இல்லை. எழிலின் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கும், தொட்டால் மணி அடிக்கும். "எழவு விழுந்த வூட்டுல எவன் குந்திக்கினு பேரு ஊரெல்லாம் டைப் அடிப்பான்?" என்றாள் எழில். அந்த விலாசத்தைப் பிணத்துக்கு ஐஸ் பெட்டி விடுகிறவர்களிடம் கொடுத்தாள். கேட்கிற வீட்டுக்கு அவர்களே அனுப்பிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்தது பார், தை! முதல் ஆர்டர் கொளஞ்சியம்மாள் பேத்திக்கு. "இப்ப கண்ணுக்கு லட்சணமா கீது" என்று அவளே நாலு பேருக்குக் காட்டினாள். களமருதூரில் காதுகுத்து, திருக்கோவிலூரில் அறுபதாம் கல்யாணம். கல்வராயன் மலைமேலே வெள்ளிமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு, வளைவுக்கு வளைவு அண்டா கணகணவென்று நம்ம வண்டி ஏறிப்போயிற்று. நானும் முன்சீட்டில் போனேன், முட்டிவலியைப் பார்க்கவில்லை. இப்போது கடைக்குள் நின்று இருமினால் எதிரொலிக்கிறது. ஒரு கரண்டி மிச்சமில்லை. இதைக் கேட்டு அமிர்தம் டீச்சரே எழுதுவதை நிறுத்திச் சிரிக்கிறார்.

போன வாரம் தீனதயாளன் வந்தார். விலை பேச என்று நினைத்தேன். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டுவிட்டாராம், பாத்திரம் போதவில்லையாம், வாடகைக்குக் கேட்க வந்தார். எழில் டீ கொடுத்து உட்கார வைத்து, "அண்ணே, தேதி காலியா கீதான்னு வெப்சைட்ல பாத்துட்டு வந்திருக்கலாமே, இவ்ளோ தூரம் நடந்தீங்களே" என்றாள். மனுஷன் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். கடையை விற்கக் கைநாட்டு வைக்கிற பேச்சு இதோடு முடிந்தது, அஜித்து. இனி எடுக்காதே.

இன்னொன்று. வெப்சைட்டில் காலித் தேதி பச்சை, கொடுத்த தேதி சிவப்பு. எழுத்து தெரியாவிட்டாலும் அது எனக்குத் தெரியும். எந்தச் சிவப்பு எந்த வீட்டு விசேஷம் என்று நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். பங்குனியில் ஒரு சிவப்புக்கு மட்டும் வீடு தெரியவில்லை. கேட்டேன். "அது நம்ம வூட்டுதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மணிமொழிக்கு இன்னும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தோட்டுக்குத் துளை இல்லாமல் நிற்கிறது. கேட்கிறவர்களிடம் "மாமன் வரட்டும்" என்று எழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை உனக்கு எழுதச் சொல்லி அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள்.

அந்தப் பங்குனித் தேதியைக் கேட்டு மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டாள். பந்தல், பாத்திரம், ஆள் எல்லாம் நம்மிடமே இருக்கிறது. உட்கார வைத்துக் காது குத்த மாமன் மடி ஒன்றுதான் வர வேண்டும். லீவு கேளப்பா.

உன்னையும் மருமகளையும் பிள்ளைகளையும் ஆத்தா குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பன் சின்னக்கண்ணு
(இடது பெருவிரல் ரேகை)