மணமேல்குடிக்குப் போன கல்யாண கேக்

நேற்று நம் மகள் மெஷினில் முட்டை வெள்ளைக்கரு அடித்தாள். சீனித்தூளைக் கொட்டி எலுமிச்சைச் சாறு விட்டதும் பழைய வாசனை எழுந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும், பக்கத்து அறையில் இருப்பதுபோல் பட்டது.

கொழும்பில் பேக்கரி வேலை பழகி வந்து புதுக்கோட்டையில் கடை போட்டீர்கள். சீனியை அரைத்துச் சலித்து, வெள்ளைக்கருவில் சேர்த்துக் கெட்டியாக அடிப்பது என் வேலை. கரண்டியைத் தூக்கினால் நுனி சாயாமல் நிற்க வேண்டும். அடித்ததும் கிண்ணத்தை, உள்ளறைக்கும் கடைக்கும் நடுவே தொங்கிய திரைக்கு வெளியே நீட்டிவிடுவேன். காகிதக் கூம்பில் அடைத்துக் கேக் மேல் பூப் போடுவது நீங்கள். ராயல் ஐசிங் என்று அதற்குப் பேர் என்பதே வாங்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

வருஷம் ஐம்பத்தெட்டோ, ஐம்பத்தொன்பதோ. மணமேல்குடி மீன் வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் கேட்டிருந்தார். கொழும்பில் பார்த்த மாதிரி வெள்ளை ரோஜா வேண்டும் என்றார். கேக் வெந்து இறங்கிய அன்றைக்கு அடுப்புத் தட்டு சரிந்து உங்கள் வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பியதும், கூம்பை என் கையில் வைத்தீர்கள்.

தட்டின் முதுகில் பூவைப் போட்டுப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். ரோஜா வரவேயில்லை, இதழெல்லாம் கூழாய்ச் சரிந்தது. மல்லிகை மொட்டு மட்டும் வந்தது. கேட்டது ரோஜா, மல்லிகையைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது என்று சத்தம் போட்டீர்கள். எனக்கும் கோபம். கூம்பைக் கீழே வைத்துவிட்டேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, இடது கையால் கூம்பை எடுத்து மறுபடி என்னிடம் நீட்டினீர்கள்.

“சரி, ஒனக்கு வந்ததப் போடு. நான் பேசிக்கிறேன்.”

அறந்தாங்கி வழியாக வாடகைக் காரில் போனோம். கடற்காற்றில் கேக் வியர்க்க ஆரம்பித்தது. மொட்டுகள் பளபளத்தன, இன்னும் கொஞ்சம் போனால் இளகிவிடும். வியாபாரி வீட்டில் ஈரக் காற்று வராமல் கடல் பக்கத்து ஜன்னல்களை மட்டும் அடைக்கச் சொல்லி, அறையின் இரண்டு மூலைகளில் கரி அடுப்பு மூட்டச் சொன்னீர்கள். விடிய விடியக் காவல் இருந்தோம். காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

வியாபாரி வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

“ரோஜா கேட்டேனே?”

நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். வேறொருவராக இருந்தால் யாரோ ஒரு கடைப் பையன் மேல் பழியைப் போட்டிருப்பார்.

“ரோஜா போடுற கை வெந்துபோச்சுங்க. இது எங்க வீட்டுல போட்டாங்க. இந்தா நிக்கிறாங்க” என்று என்னைக் காட்டினீர்கள்.

அவர் மகளை வரச் சொன்னார். அந்தப் பெண் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தது. அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டது: “ஒடையாம எப்புடிக்கா எடுத்தாந்தீங்க?” கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மகளுக்குப் பிடித்துவிட்டது என்று கண்டதும் வியாபாரி பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உங்கள் விரல்கள் இரண்டு அப்புறம் சரியாக மடங்கவில்லை. வெள்ளைக்கருவை நீங்கள் அடித்தீர்கள், நான் பூப் போட்டேன். திரையைக் கழற்றிவிட்டு, வருகிறவர்களிடம் “அவங்ககிட்டக் கேளுங்க” என்பீர்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

நீங்கள் போன பிறகும் கடையை நடத்தினேன். புதிதாக வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, கடைக்காரர் இல்லையா என்பார்கள். நான்தான், என்ன வேணும் சொல்லுங்க என்பேன். குரல் ஒருநாளும் தாழ்ந்ததில்லை.