பென்சிலில் எழுதிய தேதிகள்

நீ ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வருவதற்குள் நான் பட்டறைக்குக் கிளம்பிவிடுவேன். சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன்.

பதினாறு வருடமாக மனப்பாடமாகச் சொல்லும் பாராயணத்தில் இன்று ஒரு வரி மறந்தது. புத்தகத்தைப் பிரித்தால், ஒவ்வொரு சுலோகத்துக்கும் அடியில் உன் கையெழுத்தில் அர்த்தம். நீ இதைப் படிப்பதே எனக்குத் தெரியாது. கோபத்தை விடச் சொல்லும் சுலோகத்தின் ஓரம் முழுக்கப் பென்சிலில் தேதிகள். கடைசியாக நேற்றைய தேதி: "இதச் சொல்லி முடிச்ச கையோட தட்ட வீசினாரு. சாமி, அவருக்கும் இது புரியணும்."

புத்தகத்தை மூடிவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன்.

அலமாரிக்கு அடியில் இன்னும் பீங்கான் சில்லு கிடந்தது. பெருக்கிவிட்டேன். இருந்தாலும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா.

பி.கு.: ஓரத்தில் இன்னும் ஒரு தேதிக்குத்தான் இடமிருக்கிறது. அதை நீ எழுத வேண்டி வராது என்று சொல்ல வாய் கூசுகிறது. உன் பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.