மாக்கு

ஆம்பூர், பிப்ரவரி 8, 1920, ஞாயிறு

கோயில் வாசலில் போதகரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் உன் புருஷன் தேவசகாயத்தை முழுசாத் திருப்பிக் குடுத்துட்டாரே" என்றார். முழுசுதான். கை இருக்கிறது, கால் இருக்கிறது. பஸ்ரா சண்டையிலிருந்து வந்த நாளாய் வாய்தான் இல்லை. முன்பு வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், பாதி நாள் போவதில்லை. வீட்டில் இருந்தால் ஒரே வேலை. கிணற்றில் இறைத்து இறைத்து எல்லாப் பாத்திரத்தையும் நிரப்புவது. இன்று குழம்புச் சட்டியிலும் தண்ணீர்! கொட்டப் போனேன். "கொட்டாதமே!" என்று அவர் கத்திய கத்தலில் மகள் பொன்மலர் அழுதுவிட்டாள்.

பிப்ரவரி 11

மத்தியானத் தூக்கத்தில் பேசினார். "மாக்கு... மாக்கு..." அந்தக் குரலில் எத்தனை கெஞ்சல்! என் பெயரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

யார் அவள்?

பிப்ரவரி 12

கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 15

நான் இங்கே பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தி மகளை வளர்த்தேன். அங்கே இவருக்கு ஒரு மாக்கு! பக்கத்து வீட்டு சுகரா பேகத்திடம் சொல்லி அழுதேன். போதும். வெள்ளிக்கிழமை பொன்மலரைக் கூட்டிக்கொண்டு நாட்றம்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன். வண்டி சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 19

சுகராவின் தம்பி அமீர் பாஷா பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்தார். அவரும் பஸ்ராவில் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டியவர். சுகரா அவரிடம் கேட்டேவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொம்பளயா? அது அரபுப் பேச்சும்மா. இருக்குதுன்னா அக்கு. இல்லன்னா மாக்கு."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தேவசகாயம் அண்ணன் சண்டையில புடிச்ச கைதிங்கள நடத்திக்கினு போன கும்பல்ல இருந்தாரு. வெயில்ல அவனுங்க தண்ணி தண்ணின்னு கெஞ்சி விழுவானுங்க. நமக்கே கம்மி. வேற இன்னா சொல்றது? மாக்குதான்."

ஒரு பெண்ணாகவே இருந்திருக்கக் கூடாதா? முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேனே. இதற்கு நான் யாரோடு சண்டை போடுவது?

வண்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாப்பிட்டுப் படுத்தவர் மறுபடி ஆரம்பித்தார். மாக்கு, மாக்கு. சொம்பில் தண்ணீர் எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமீர் பாஷா சொன்ன சொல்லை நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"அக்கு," என்றேன்.

கண்ணைத் திறந்தார். சொம்பையே பார்த்தார். அவரை ஆற்றிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு — அசட்டு நினைப்பு! "எல்லாம் தெரியும். அன்னிக்குத் தண்ணி இல்ல. நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"இருந்திச்சிமே," என்றார். "தோல் பை நெறைய இருந்திச்சி. குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

சொம்பை வாங்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

பொன்மலருக்கு சுகரா வீட்டிலிருந்து சோறு வந்தது. நான் உலை வைக்கவில்லை. வீட்டில் காலிப் பாத்திரம் இல்லை.