சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் டிவிக்கும் அடுப்புக்கும் நடக்கிறேனே போதாதா என்கிறாள். தம்பி மறுபடி வேலை மாறிவிட்டான், இந்த ஆபீஸாவது இவனை ஆறு மாதம் தாங்குகிறதா பார்ப்போம். விடுமுறைக்கு வந்தால் ஹோட்டலில்தான் தங்குவோம், பேத்தியை உங்களிடம் தனியாக விடமாட்டேன் என்று போன மாதம் சொன்னாய், நான் காச்சுமூச்சென்று கத்தினேன், அதோடு நீ போன் செய்வதில்லை. அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் ஜன்னல் கதவுகளுக்குக் கீல் மாற்றும் வேலை. நான் ஏணியில் நிற்கும்போதே கீழே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயதில் பட்ட பயம் வளர்ந்தாலும் உள்ளேயே கிடக்கும், பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது, நாம்தான் கவனிக்க வேண்டும் என்றார். பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டியவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒருத்தரும் தூக்கவில்லை, நானும்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. பிரசவத்துக்காக அம்மா ஆஸ்பத்திரியில். காலையில் நீ அழுது அடம்பிடித்தாய் என்று ஸ்டோர் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன், பத்து நிமிஷம்தான் என்று நினைத்து. தம்பி பிறந்துவிட்டான் என்று ஆள் வந்தது, போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பியபோது சாயங்காலம். நீ அழவில்லை, சரி, ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். அப்புறம் பாத்ரூம் கதவைக்கூட நீ சாத்தமாட்டாய், அதற்கும் திட்டு வாங்கினாய். நானோ அதை வேடிக்கைக் கதையாக்கி வந்தவர் போனவரிடமெல்லாம் அவிழ்த்துவிட்டேன். உன் கல்யாணப் பந்தியில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நேற்று விருந்தாளிகள் முன்னால் உன் மாமா அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். அது கதையில்லை, நான் செய்த தப்பு என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது, தொங்கட்டும். எல்லோரும் போனபின் அம்மா கேட்டாள், "இதை அவகிட்ட சொன்னீங்களா?"

சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளை அடம்பிடித்தது தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. மன்னித்துவிடு. பதில் எழுதியாக வேண்டும் என்றில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வந்தால் ஹோட்டலிலேயே தங்குங்கள், நாங்கள் வருகிறோம். பேத்தியை என்னிடம் தனியாக விடாதே, நானே கேட்டாலும் விடாதே.

இப்படிக்கு,
அப்பா