கொழுந்து மாடிக் கிரேனில் திரும்பிச் சுழன்ற கைப்பிடி

1937 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. இந்தத் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாக ஆறு அறை, இருபத்தேழு பேர். இருபத்தாறு பேர் சுகம்.

மகன் இராசமாணிக்கத்துக்கு அப்பா செல்லையா எழுதிக்கொள்வது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, உன் கடிதத்தில் நாலு பக்கமும் அதுதான் இருக்கிறது. அம்மாவும் நானும் இருக்கிறோம். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது, கொழுந்து வரத் தொடங்கிவிட்டது. துறைமுகத்துக் கிரேன்களைப் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தண்டவாளத்தில் ஓடும் ஸ்டீம் கிரேன், வேகன்களுக்கு மேலே கால் பரப்பி நிற்கும் கிரேன், கொதிகலனையே தூக்கிவைக்கும் மிதவைக் கிரேன், கப்பல் தட்டில் கம்பத்தோடு நின்று தேயிலைப் பெட்டிகளை உள்ளே இறக்கும் டெரிக் எல்லாம் எழுதி, எது எத்தனை டன் தூக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். தூக்கியதை எது எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று ஒரு வரி இல்லை. தூக்குவது நீராவியின் வேலை, அதில் உன் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆள் கையை எடுத்தால் சுமை எங்கே நிற்கும் என்பதுதான் கிரேன்காரன் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டீம் கிரேனுக்குக் காலால் மிதிக்கும் பிரேக். கொழுந்து உருட்டும் புது ரோலரை ஃபக்டரிக்குள் இறக்கும்போது முக்காலிக் கம்பத்தில் தொங்கவிட்டோமே செயின் புளொக், அதில் சங்கிலியை விட்டாலும் சுமை அசையாது. கொழுந்தை வாடப் போடும் கொழுந்து மாடிக்கு மூட்டை ஏற்றும் நம் சுவர்க் கிரேனில் இருப்பது கைப்பிடி, பல்சக்கரம், அந்தப் பல்லில் விழுந்து சக்கரத்தைப் பின்னே சுற்றவிடாமல் தடுக்கும் உள்ளங்கை நீள இரும்பு. இதை உனக்கு மூன்று தரம் காட்டியிருக்கிறேன்.

நீ கொழும்புக்குப் போன பிறகு பத்து நாள் அந்தக் கிரேனை யாரும் தொடவில்லை. மழை இல்லை, கொழுந்து கொஞ்சம், தோளிலேயே ஏற்றினார்கள். வியாழக்கிழமை நனைந்த கொழுந்து மலையாக வந்ததும் பக்கத்து அறை இராமசாமியைக் கைப்பிடியில் நிறுத்தினார்கள். அவன் ஃபக்டரி அடுப்புக்கு விறகு போடுகிறவன், கிரேன் அவனுக்குப் புதிது, ஏற்றும்போது அந்த இரும்பு பல்லில் விழும் டக் டக் சத்தம் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. நாலு இருபதுக்கு மூட்டை பாதி உயரத்தில் தொங்க, முகத்து வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தான். எவனும் எடுப்பான். கைப்பிடி திரும்பிச் சுழன்று அடித்ததில் வலது கையில் இரண்டு எலும்பு, மூன்று முறிவு. பலாபத்வல நுஹ்மான் நானாவின் லொறியில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். இனி அந்தக் கையால் சோறு அள்ளினால் பெரிய காரியம் என்றார் டாக்டர்.

லொறி வருவதற்கு முன்பே சக்கரத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தடுப்பு இரும்பை மேலே தூக்கிச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. முறுக்கு இடப்பக்கம். இந்த ஃபக்டரியில் இடக்கைக்காரன் நீ ஒருவன். போன மாதம் நீ என்னிடம் முனகியதும் ஞாபகம் வந்தது: “என்னப்பா இது டக்கு டக்குன்னு பல்லி கத்துற மாதிரி, அந்த இரும்பத் தூக்கித் தூக்கி வெறுங் கொக்கிய எறக்கவே அரை நாளு போவுது.” கொக்கி சர்ரென்று இறங்கக் கட்டினாய், நேரத்தோடு வேலை முடித்து ஆற்றில் குளிக்கப் போனாய், அவிழ்க்காமல் ஊரை விட்டும் போனாய். எனக்கு முப்பத்தேழு வயதுதான், கண் மங்கிவிடவில்லை, ஆனாலும் ஒரு மாதம் அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம், ஃபக்டரியை நடத்தும் டீமேக்கர் மாடி இறங்கி வருவதற்குள் கம்பியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து பார்த்தபோது தடுப்பு இரும்பு நல்ல பிள்ளையாகப் பல்லில் உட்கார்ந்திருந்தது. “குடிச்சிட்டுப் புடிச்சிருக்கான், வேற என்ன” என்றார். தொரை இராமசாமியை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டு எழுதிவிட்டார். வருகிற சனிக்கிழமைக்குள் அவன் பெண்சாதி மாரியாயியும் மூன்று பிள்ளைகளும் அறையைக் காலி பண்ண வேண்டும். அவள் நேற்று நம் வாசலில் வந்து, “அண்ணே, நீங்க மட்டும் லொறி புடிக்காட்டி இந்த மனுசன் செத்தே போயிருப்பாரு” என்று என்னைக் கும்பிட்டாள். உன் அம்மா உள்ளே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியாயி போனதும், “பரதேசி மாதிரி அதுங்க ரோட்ல நிக்கும், தெரியுதுங்க, ஆனா நம்ம புள்ள பொழைப்பு போயிருமே, வாயத் தொறக்காதீங்க” என்று அழுதாள். அழட்டும்.

அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வருகிறது. கிரேன் ஓட்டும் ஆசனத்தில் உன்னை உட்கார வைக்கப்போகிறார்களாம், தோட்டத்தில் கிரேன் வேலை பழகியவன், ஒரு விபத்தும் நடந்ததில்லை என்று டீமேக்கரிடம் ஒரு வரி வாங்கி அனுப்ப வேண்டுமாம். இங்கே நடந்தது உனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தான் என்று உன் அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். கம்பி தானாக முறுக்கிக்கொள்ளாது. அங்கே உன் கொக்கியின் கீழ் ஒரே நேரத்தில் முப்பது பேர் நிற்பார்கள், உனக்குச் சத்தம் பிடிக்காத நாளில் அவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைத்தால் உன்னைப் பெற்றதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் சொல்லமாட்டேன்.

மாத்தளை மாரியம்மன் துணையிருப்பாள் என்று எழுதச் சொன்னாள் அம்மா, எழுதிவிட்டேன். என் ஆசீர்வாதம் ஒன்றுதான், உன்னால் இன்னொருவன் எலும்பு முறியாமல் நீ பிழைக்க வேண்டும். மழையில் பிரேக் பட்டை நனைந்தால் பிடிக்காது, மறக்காதே.

அப்பா,
செ. செல்லையா, எஞ்சின் ரூம்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஏழு மணிக்குத் தொரையிடம் உன் பெயரையும், மறைத்த என் பெயரையும் சொல்வேன். பற்றுச்சீட்டு நம் பக்கம் திரும்பினால் சனிக்கிழமை நானும் அம்மாவும் காலி பண்ணுவோம்.

2. அப்படியே மாத்தளைக்குப் போய் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டு, ஆஸ்பத்திரியில் இராமசாமியின் முகத்தைப் பார்த்து இதையே சொல்வேன்.

3. திரும்பி வந்து மாரியாயியிடம் சொல்வேன். அவள் என்ன கேட்டாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

4. இது செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வரும். நீயே உன் ஃபோர்மனிடம் போய்ச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன். நீ சொன்னாய் என்று அவர் கையெழுத்தோடு ஒரு வரி வராவிட்டால், நீ கேட்ட கடிதத்தை நானே அவருக்கு எழுதுவேன்: இவன் என் மகன், இவன் கையில் சுமையைக் கொடுக்காதீர்கள்.